காய்ந்த புல்லும் காத்திருக்கும் காபியும்

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் போட்டி இருக்கும். ஆனால், அடிவாரத்தைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிவது பச்சை அல்ல. இலை உதிர்த்து நிற்கும் மரங்கள், வெளுத்த மூங்கில், சருகு மூடிய பாறைகள். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித் துண்டு போதும், சரிவே பற்றிக்கொள்ளும். பத்து, பன்னிரண்டு வளைவுகளுக்கு மேல்தான் காற்று மாறுகிறது. 20 வளைவுகளையும் கடந்த பிறகு சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், நிழலில் காபிச் செடிகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால், கீழே இருப்பதைவிட ஏழெட்டு டிகிரி வெப்பம் குறைவு.

குளிர்ச்சி வேறு, ஈரம் வேறு. மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. சேர்வராயன் மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால், ஜனவரி முதல் மார்ச் வரை மழை அபூர்வம். சரளை கலந்த செம்மண் என்பதால் பெய்த தண்ணீரும் சரிவில் வேகமாக வடிந்துவிடும். ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவிக்குத் தண்ணீர். கோடையில் அருவியைத் தேடி இறங்குகிறவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வர வேண்டியதுதான்.

இந்த வறண்ட மாதங்களில்தான் ஏற்காட்டில் பச்சைப் புல்லுக்கு மவுசு. ஆண்டுதோறும் மே மாதத்தில் கோடை விழா நடக்கிறது. ஏரியை ஒட்டிய அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. பூந்தொட்டிகளுக்கு நடுவே புல்தரையும் பளிச்சென்று இருக்க வேண்டும். விடுதிகளும் அப்படியே. இப்போது காபித் தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடும் சின்னக் குடும்பங்களும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. வாசலில் நாலு சென்ட் லான் இல்லாவிட்டால் போட்டோவில் எடுபடாது என்ற பயம் அவர்களுக்கு. வருமானம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். கிணறு அடியைத் தொடுவதும் அதே மாதங்களில்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்தரைக்கு ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் தண்ணீர் கொடுக்க ஏறத்தாழ 1,000 லிட்டர் வேண்டும். கடும் வெயிலில் புல் பச்சை மாறாமல் நிற்க வாரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பொதுவான அளவு. பத்து சென்ட் லான் வைத்திருக்கும் விடுதிக்கு வாரம் 10,000 லிட்டர். மார்ச் தொடங்கி பத்து வாரம் இப்படிப் பாய்ச்சினால் ஒரு லட்சம் லிட்டர்.

அதே ஒரு லட்சம் லிட்டரைக் காபித் தோட்டத்தில் விட்டால், ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் நனையும். காபி விவசாயிகளுக்கு இந்த ஓர் அங்குலத்தின் மதிப்பு தெரியும். காபி மொட்டுகள் வறட்சியில் சில வாரங்கள் அப்படியே உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குல அளவுக்கு நல்ல மழை ஒன்று விழுந்தால் எட்டு, பத்து நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இதைத்தான் ‘பூ மழை’ என்கிறார்கள். அரைகுறையாகத் தூறிவிட்டு நின்றுபோனால் மொட்டுகள் சரியாக விரியாமல் கெடும். குளத்தில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும் எஸ்டேட்டுகள் ஸ்பிரிங்க்ளர் போட்டுச் சமாளிக்கும். ஒன்றிரண்டு ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களும், மற்ற சிறு விவசாயிகளும் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பத்து சென்ட் புல்லின் பத்து வார அழகும், ஒரு ஏக்கர் காபியின் பூப்பும் ஒரே அளவு தண்ணீரைக் கேட்கின்றன. ஒரே ஊற்றிலிருந்து இரண்டும் நடக்கிற இடத்தில் இந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது.

புல் சாகவில்லை, தூங்குகிறது

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குப் போனால் இதற்கு ஒரு பதில் கிடைக்கும். 1,600 மீட்டருக்கு மேல், மேஜை போலத் தட்டையான இடம். குகைக்குள் சாமி. வெளியே மரங்கள் குறைந்த திறந்த புல்வெளி. அந்தப் புல்லுக்கு யாரும் ஹோஸ் பிடிப்பதில்லை. கோடையில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மழை விழுந்ததும் அதே இடத்தில் பச்சை கிளம்பும். யாரும் புதிதாக நடுவதில்லை.

அருகம்புல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வயலில் களை என்று எவ்வளவு தோண்டிப் போட்டாலும் அடுத்த மழையில் தலைநீட்டும். ‘அருகு போல் வேரோடி’ என்று வாழ்த்துவது சும்மா இல்லை. லானில் போடும் ‘ஹரியாலி’ என்பதும் இதே அருகுதான். நர்சரியில் பெயர் மாறியதும் விலை வந்துவிட்டது, அவ்வளவே. தண்ணீர் குறைந்தால் இந்தப் புல் மேல் இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டிலும் தூரிலும் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலைப்பகுதிக்கு ஏற்றதாகச் சொல்லப்படும் கிக்குயு புல்லும் கொடி ஓடும் இனம். அதுவும் ஒரு வறட்சியைத் தாங்கும். ஏற்காட்டில் தளதளவென்று இருக்கிறதே என்று கிக்குயுவைப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சேலம் வெயிலில் நடுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த மேட்டு நிலத்துப் புல், கீழே போனால் திணறும்.

பல வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ‘புல் பழுப்பாகிவிட்டது, பிழைக்குமா?’ என்பது. கைப்பிடி அளவு புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எளிதில் வராமல், அடியில் தூர் வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கம்பளம் போலச் சுருட்டிக்கொண்டு கையோடு வந்தால் அது வறட்சி அல்ல. மண்ணில் வெள்ளைப் புழு வேரைத் தின்றிருக்கிறது. அதற்குத் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை.

தூங்குகிற புல்லை முழுக்கக் கைவிடவும் வேண்டாம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம், அதாவது சென்ட்டுக்கு 500 லிட்டர் கொடுத்தால் தூர் காயாமல் தப்பிக்கும். பச்சை வராது. வரவழைக்கவும் கூடாது. இந்த வாரம் நிறைய, அடுத்த வாரம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சுவதுதான் மிகப் பெரிய தவறு. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் சேமித்த சத்தைச் செலவழித்துத் துளிர்த்து, மறுபடி காய்ந்து, புல் ஓய்ந்துபோகும். தூங்க விட்டால் தூங்கவிட வேண்டும். வளர்க்க வேண்டுமானால் விடாமல் வளர்க்க வேண்டும்.

அறை வாடகைக்கு விடும் குடும்பங்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. வாசலை ஒட்டி ஒரு சென்ட்டை மட்டும் பச்சையாக வைத்துக்கொண்டு, மீதியைக் காயவிடலாம். வாரம் 1,000 லிட்டரோடு போய்விடும். குளியலறைத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் அதிலும் பாதி குறையும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் கலந்த கழிவு நீரை மட்டும் விடக்கூடாது. காய்ந்த பகுதியில் ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒரு கயிறு கட்டினால் போதும். தூங்கும் புல்லுக்கு வெயிலைவிட மிதிபடுவதுதான் ஆபத்து. நாற்காலி போட்டு, பந்து விளையாடி, கேம்ப் ஃபயர் மூட்டிய இடங்களில்தான் மழைக்குப் பிறகும் சொட்டை விழுகிறது.

பச்சையாக வைத்திருக்கும் அந்த ஒரு சென்ட்டுக்குச் சில பழக்கங்கள் உண்டு. தினமும் மேலோட்டமாகத் தெளிக்கக் கூடாது. வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை, விடியற்காலையில், நான்கைந்து அங்குல ஆழம் நனையும்படி விட வேண்டும். சரிவான இடத்தில் ஒரே மூச்சில் விட்டால் தண்ணீர் ரோட்டுக்கு ஓடிவிடும். கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் இடைவெளி கொடுத்து மறுபடி விட வேண்டும். ஒரு காலி டின்னைப் புல்லில் வைத்தால் எத்தனை அங்குலம் விழுந்தது என்று தெரிந்துவிடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் குத்தினால் ஈரம் போன ஆழம் வரை சுலபமாக இறங்கும், அதற்குக் கீழே முரண்டு பிடிக்கும். நடந்துபோன கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் அடுத்த தண்ணீருக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெட்டுவதிலும் கை அடங்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒட்ட வெட்டிப் பழகியவர்கள் கோடையில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டலாம். கிக்குயுவாக இருந்தால் மூன்று அங்குலம் வரை விடலாம். உயர்ந்த புல் தன் அடி மண்ணுக்குத் தானே நிழல். ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டிய துணுக்குகளை அப்படியே விட்டால் மூடாக்கு ஆகும். சில்வர் ஓக் சருகு மட்டும் விதிவிலக்கு. அது தடிமனாகப் படிந்து புல்லை மூச்சுமுட்ட வைத்துவிடும். அதை வாரிக் காபிச் செடிக்கு அடியில் போட்டால் அங்கே ஈரம் நிற்கும். யூரியா வேண்டவே வேண்டாம். ஈரமில்லாத நேரத்தில் யூரியா போடுவது, பட்டினி கிடப்பவனை ஓடச் சொல்வது போல.

புல்தரை என்ற பழக்கமே மலைக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில்தான் காபியும் இந்த மலைக்கு வந்தது. அவர்கள் ஊரில் வருஷம் முழுக்கத் தூறல். லான் அங்கே தானாகவே பச்சையாக நிற்கும். காபி இங்கே வேர் பிடித்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. லானுக்கு மட்டும் இன்னும் அந்த ஊர் மழையை நாம் குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகப் புல் நட நினைப்பவர்கள் ஏப்ரலில் நர்சரிக்குப் போகாமல், ஜூன் கடைசி வரை பொறுத்துக்கொள்ளலாம். மழை பிடித்த பிறகு 10 செ.மீ. இடைவெளியில் வேர்த்துண்டுகளை ஊன்றினால் பாதித் தண்ணீர் மிச்சம். கிக்குயு நடுகிறவர்கள், தோட்டத்தை ஒட்டிய பக்கம் ஓர் அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் கொடி மிளகுத் தூருக்குள் ஓடியிருக்கும். பிறகு களை எடுக்கக் கூலி கொடுத்து மாளாது.

நல்ல மழை ஒன்று விழுந்த பிறகு மலையில் பத்து நாட்கள் பார்த்தால், காபி பூக்கும் நேரத்திலேயே காய்ந்த புல்லின் அடியிலும் பச்சை ஊசி ஊசியாக ஏறுவது தெரியும். அப்போதும் கயிற்றை அவிழ்க்க அவசரப்பட வேண்டாம். புல் மூன்று அங்குலம் வளரும் வரை மெஷின் ஓட்டக் கூடாது. மிதிபட்டு இறுகிய இடங்களில் மண் ஈரமாக இருக்கும்போதே கூரான கம்பியால் மூன்று, நான்கு அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, சலித்த மட்கிய எருவும் மணலும் கலந்து அரை விரல் கனத்துக்குத் தூவிவிட வேண்டும். இரண்டாவது மழை வரும்போது அது துளைக்குள் இறங்கியிருக்கும்.