வாயில்லா உயிரும் வீட்டு மருந்துப் பெட்டியும்

மருந்து என்றாலே அது நோயைத் தீர்ப்பது என்று எண்ணிப் பழகிவிட்டோம் நாம். ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்கு நஞ்சாகலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயினும், அச்சொல்லின் முழுப் பொருளும் உள்ளத்தில் பதிவது அரிது. நம் இல்லத்துப் பூனைக்குத் தோல் அரிப்புக் கண்டபோதுதான் அது நமக்குத் தெளிவாக விளங்கிற்று.

கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பூனை விருந்தாளி அன்று, வீட்டு ஆள். மீன் ஆயும் வேளையில் அது உம்மாவின் காலடியில் காத்திருக்கும். பூனைக்குட்டியின் மீது கொண்ட பரிவாலேயே அபூஹுரைரா (ரலி) என்று பெயர் பெற்ற பெருமகனாரை நாம் அறிவோம். பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் பிள்ளைகளும் அறிவர். உணவிடாமல் கொல்வது கொடுமை என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்போடு ஊட்டியே கொன்றுவிடக் கூடும் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மழைக்காலத்தில் நம் பூனையின் கழுத்திலும் வாலடியிலும் மயிர் உதிர்ந்து, சிறு சிறு பொருக்குகள் தோன்றின. இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தது. அண்டை வீட்டுப் பெரியம்மா மனம் பொறாதவராய், தம் பேரனுக்குத் தும்மலுக்கும் சளிக்கும் கொடுக்கும் மாத்திரையை எடுத்து வந்தார். "பிள்ளைக்கு அரை மாத்திரை குடுக்குறோம், பூனைக்குக் கால் மாத்திரை போதுமே தம்பி" என்றார். மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று கூறி, மாத்திரை அட்டையையும் பூனையையும் ஒரே கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றோம்.

மருத்துவர் பூனையைப் பார்ப்பதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. குளோர்பெனிரமின் ஒவ்வாமைக்கு உரியது. பினைலெப்ரின் மூக்கடைப்புக்கு உரியது. மூன்றாவது, நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால். "இந்த மூன்றாவது பூனையின் வயிற்றுக்குள் போகவே கூடாது" என்றார் அவர்.

காரணத்தையும் விளக்கினார். பாராசிட்டமாலை நம் ஈரல் வேறொரு பொருளோடு இணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றிவிடுகின்றது. அவ்வாறு இணைக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஆகவே அம்மருந்து நஞ்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றது. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைக் குடிக்கப் போதும். உடலின் எடைக்கேற்ப அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பூனை சிறிய மனிதன் அன்று. அதன் உடலமைப்பே வேறு.

பின்னர், ஈரமான வெள்ளைத் தாளின் மேல் பூனையின் மயிரைச் சீவினார். உதிர்ந்த கருந்துகள்கள் ஈரம் பட்டதும் செந்நிறமாகக் கசிந்தன. அவை தெள்ளுப் பூச்சியின் எச்சம். பூனையிடமிருந்து உறிஞ்சிய இரத்தமே அப்படிக் கசிகின்றது. தெள்ளின் உமிழ்நீர் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஓரிரு கடியே பல நாள் அரிப்பைத் தரும். எனவே தெள்ளை ஒழிப்பதே முதல் மருத்துவம். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவினால் உடல் நடுங்கி வலிப்பு வரும், உயிரும் போகலாம்.

அரிப்பு தணியச் செட்டிரிசின் 10 மி.கி. மாத்திரையில் பாதியை நாளுக்கு ஒரு வேளை கொடுக்க எழுதித் தந்தார். நான்கு கிலோ எடையும் நலமான சிறுநீரகமும் கொண்ட நம் பூனைக்கு அவர் வகுத்த அளவு அது. சிறுநீரகமோ ஈரலோ பழுதுற்ற பூனைக்கும், சினையுற்ற பூனைக்கும், குட்டிக்கும் அது பொருந்தாது. செட்டிரிசின் ஒன்று மட்டுமே உள்ள மாத்திரையா என்று அட்டையைப் படித்து வாங்கும்படி வற்புறுத்தினார். குழந்தைகளுக்குரிய பாகு மருந்தில் இனிப்பும் வேறு சேர்மானங்களும் இருப்பதால் அது வேண்டாம் என்றார். சில பூனைகளுக்கு இம்மருந்தால் தூக்கம் மிகும். சிலவற்றுக்குப் பயன் தராமலும் போகும். பயன் தராவிடில் மீண்டும் மருத்துவரிடம் செல்வதே முறை. நாமாக அளவைக் கூட்டுவது முறையன்று.

கொடுக்கும் விதத்திலும் பக்குவம் வேண்டும். பூனையைத் துவாலையில் சுற்றி, கடைவாய் ஓரம் விரல் வைத்து வாயைத் திறந்து, மாத்திரையை நாவின் பின்புறம் இட வேண்டும். உடனே ஊசியில்லாத சிரிஞ்சினால் ஐந்து மி.லி. நீரைக் கன்னத்தின் பக்கமாகச் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். நீரின்றி விழுங்கிய மாத்திரை உணவுக்குழலில் தங்கிப் புண்ணாக்கும். வேகமாகப் பீய்ச்சிய நீர் நுரையீரலுக்குள் போய்விடும். கசப்பினால் பூனை நுரை தள்ளுவதுண்டு. சற்று நேரத்தில் அது நின்றுவிடும்.

தவறான மாத்திரையைப் பூனை தின்றுவிட்டால் அறிகுறிகளுக்குக் காத்திராமல், உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. விரைந்து கொடுத்தால்தான் அது கைகொடுக்கும்.

நம் பூனை சில வாரங்களில் தேறியது. மருத்துவர் சொன்னவற்றைப் பெரியம்மாவிடம் எடுத்துரைத்தபோது நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுல முன்னாடி ஒரு வெள்ளப்பூன இருந்துச்சே தம்பி, காச்சல்னு மாத்திர குடுத்தேன், மறுநாளே மவுத்தாப் போச்சு. அதுனாலதானா?" என்று கேட்டார். அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை. அவருடைய நிய்யத் தூயது என்பதை அல்லாஹ் அறிவான் என்று மட்டும் சொன்னோம்.

நிய்யத் தூயதாக இருப்பது பெரிது. அதனோடு அறிவும் சேரும்போதுதான் நம்மை நம்பி வாழும் உயிருக்குப் பாதுகாப்புக் கிட்டுகின்றது. தனக்கு எங்கே நோகின்றது என்று பூனை சொல்லாது. தான் விழுங்குவது இன்னதென்றும் கேட்காது. அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ளதை அதற்காக நாம்தாம் படிக்க வேண்டும். படிக்க இயலாத மூத்தோர்க்கு இளையோர் படித்துக் காட்ட வேண்டும். ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுவோமாக!