நான்கு முழத் தூரம்

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், யூதரின் சமய அதிகாரம் ஆலயக் குருமாரிடமிருந்து கற்றறிந்த றபிமாரிடம் படிப்படியாகச் சென்றது. அவ்வதிகாரத்தை விளக்கப் புகுவோர் பாபிலோனியத் தல்மூதின் களிமண் அடுப்புக் கதையைக் கூறாது விடுவதில்லை. மாணவனாயிருந்த நாளில் நானும் அதனை உற்சாகமாக எடுத்தாண்டவனே.

துண்டு துண்டாக வெட்டி, இடையே மணலிட்டு இணைத்த அடுப்பொன்று தீட்டுப்படுமா என்பது வழக்கு. படாது என்றார் றபி எலியேசர், ஏனையோர் மறுத்தனர். அவர் சொற்படி மரம் இடம்பெயர்ந்தது, நீர் எதிர்த்தோடியது, ஈற்றில் அசரீரியும் அவருக்காகப் பேசிற்று. றபி யோசுவா எழுந்து நின்று அதனையும் ஏற்க மறுத்தார். சீனாய் மலையில் அருளப்பட்டுவிட்ட சட்டத்துக்குப் பொருள்காண்பது இனி அறிஞரின் பெரும்பான்மையே என்பது சபையின் நிலைப்பாடு.

வானத்தையே வாதில் வென்ற அறிவு என்று அன்று எழுதினேன். கதையின் எஞ்சிய பகுதியை நான் பொருட்படுத்தவில்லை. எலியேசர் விலக்கிவைக்கப்பட்டார். அதனை அறிவிக்கத் தகாதவர் எவரும் சென்றுவிடலாகாதென்று, அவரிடம் கற்ற அகிபாவே புறப்பட்டார். கரிய உடை தரித்து, நான்கு முழம் விலகி அமர்ந்து, தோழர்கள் ஒதுங்கியிருப்பதாகத் தமக்குத் தோன்றுவதாக மட்டுமே சொன்னார். முதியவர் ஆடையைக் கிழித்துக்கொண்டு, மிதியடி கழற்றி, நிலத்திலமர்ந்து கண்ணீர் விட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், என் ஆசிரியர் ஒருவரின் கருத்தைத் தோற்கடித்த கூட்டத்தில் நானும் கையுயர்த்தினேன். முடிவு சரியானதென்றே இன்றும் கருதுகிறேன். அவருக்கு அதனை அறிவித்தது அஞ்சலில் சென்ற கடிதம். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் இருந்தது.