துளசிக்கு எவ்வளவு நீர்?

மதுரையில் மாடிக் குடியிருப்புகள் பெருகியபின், முற்றத்துத் துளசி மாடம் பல வீடுகளில் தொட்டியாகச் சுருங்கிவிட்டது. வழிபாடு மாறவில்லை, நாள்தோறும் ஒரு செம்பு நீர், மூன்று வலம். ஆனால் நிலத்தில் ஊற்றிய நீர் பரந்து வடிந்துவிடும். தொட்டியில் ஊற்றியது வழியில்லையேல் அங்கேயே நிற்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், மருமகள் வந்த மூன்றாம் மாதம் துளசி வாடத் தொடங்கிற்று. 'வந்த வேளை' என்று பேச்சு எழுந்தது. அப்பெண் அஞ்சி, காலையும் மாலையும் நீர் வார்த்தாள். அபிஷேகப் பாலும் வேரில் சேர்ந்தது. இலைகள் மேலும் பழுத்து உதிர்ந்தன. என் மனைவி சென்று தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார். அடித்துளை மண்ணால் அடைபட்டிருந்தது. வேர் கறுத்து நாறியது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீரே தங்கிவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஈரத்தின் நடுவிலேயே இலை வாடும். அவ்வாட்டத்தைத் தாகமென்று எண்ணியே பலரும் மேலும் ஊற்றுகிறார்கள். பழி மட்டும் அந்தப் பெண்ணுக்கு! நல்லவேளை, பசுமை மாறாத நுனித்தண்டு ஒன்று மணலும் எருவும் கலந்த செம்மண்ணில் வேர் பிடித்தது, பேச்சும் அடங்கிற்று.

சுட்டுவிரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் சிறு தொட்டிக்கு இருவேளையும் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் சில நாள்கள் தொடவே வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு மண்மேல் வெண்மையாய்ப் படிந்தால் மேல்மண்ணைச் சுரண்டி மாற்றுவது நல்லது.

அப்படியாயின் நித்திய பூஜை? பஞ்சபாத்திரத்திலிருந்து ஓர் உத்தரணி தீர்த்தம் போதும் என்பது என் கருத்து. கூடல் மாநகரில் பல்லாண்டு பாடிய பெரியாழ்வார், ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனக் கைங்கரியம் செய்தவர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளை அவர் கண்டெடுத்ததும் துளசிச் செடியின் அடியில்தான். அன்றாடம் மண்ணைத் தொட்டறிந்த கைகள் அவருடையவை.

துளசி சில ஆண்டுகளே செழிக்கும் செடி. கதிர் முற்றினால் தளர்வது அதன் இயல்பு. ஆகவே கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். ஒன்றிரண்டை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்து வையுங்கள்.