குகை வெளிச்சத்தில் ஒரு முகம்

செமினி

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; பல கலங்கியிருக்கின்றன. அக்கா பிள்ளைக்குப் பத்துமலையில் முடி இறக்கும் அன்று நீதான் படம் எடுக்கிறாய் என்றதும் பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம். முட்டி வலியோடு 272 படி ஏற அவரால் ஆகாது. மேலே குகைக்குள் நடப்பதை உன் படத்தில்தான் பார்க்கப் போகிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படம் ஏன் கலங்கியது என்று முதலில் கண்டுபிடி. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் உன் கை ஆடியிருக்கிறது. தூண் தெளிவாக இருந்து பிள்ளை மட்டும் கலங்கியிருந்தால் அவன் அசைந்திருக்கிறான். முகம் மங்கிப் பின்சுவர் தெளிந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு.

உன் படங்கள் பெரும்பாலும் கை ஆடியவை. 50 எம்எம் லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/50 நொடியாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. உன் கேமராவின் சென்சார் சிறியது, 1/80 வைத்துக்கொள். இது அசையாத பொருளுக்கு மட்டும். துள்ளும் பிள்ளைக்கு 1/250 வேண்டும். லென்ஸில் உள்ள ஆட்டத் தடுப்பு உன் கையைத் தாங்குமே தவிர, பிள்ளையின் தலையைப் பிடித்து நிறுத்தாது.

அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாதே என்பாய். அப்பர்ச்சரை 1.8-க்குத் திற. 5.6-இல் வருவதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் ஃபோகஸ் ஆழம் குறைந்துவிடும். அதனால் கண்ணில் ஃபோகஸ் வைத்து, ஓரடி தள்ளி நில். அதுவும் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்று. புள்ளி தட்டினாலும் முகம் முகமாகவே இருக்கும். ஆடிப்போன படத்தை அப்படித் தேற்ற முடியாது.

ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம். குகைக் கூரையின் திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சம் மிக மென்மையானது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் ஃப்ளாஷ் அடித்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். அந்த வெளிச்சத்திலேயே எடுத்தால், சந்தனம் காய்ந்து மயிரிழைபோல் வெடித்திருப்பதும், காதோரம் வழிந்த தண்ணீரின் தடமும்கூடத் தெரியும். பாட்டி பார்க்க ஆசைப்படுவது அதைத்தான்.

எடுக்கும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள். இடது உள்ளங்கையால் லென்ஸை அடியில் தாங்கு. தூணோ கைப்பிடிக் கம்பியோ இருந்தால் சாய்ந்துகொள். மூச்சைப் பாதி விட்டு, பொத்தானை மெல்ல அழுத்து. தொடர்ந்து மூன்று நான்கு படம் எடு. முதல் படத்தில் விரல் அழுத்திய ஆட்டம் இருக்கும். நடுவில் உள்ளவை பெரும்பாலும் தெளிவாக வரும்.

கைப்பேசியில் எடுக்கும் மாமாவிடமும் சொல்லிவை: லென்ஸைத் துடைக்கட்டும், ஜூம் செய்யாமல் கிட்டே போகட்டும். இரவு மோடு பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. பிள்ளை அசைந்தால் முகம் கரைந்துவிடும்.

முடி இறக்கும் நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செமினிக்கு வா. விடியுமுன் புரோகா மலை ஏறுவோம். 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் நமக்கு ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தெரியும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக எழும்பும். வெளுக்கத் தொடங்கி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் சூரியன் வந்துவிடும். அதற்குள் நிமிடத்துக்கு நிமிடம் வெளிச்சம் கூடும்; நீயும் ஐஎஸ்ஓவை இறக்கிக்கொண்டே வர வேண்டும். காற்றில் ஆடும் லாலாங் புல்லை எடுத்துப் பழகினால், துள்ளும் பிள்ளையை எடுப்பது சுலபம்.

எடுத்தவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து பெரிதாக அச்சுப் போடு. பாட்டிக்குக் கண் மங்கல். கைப்பேசித் திரையில் காட்டினால் போதாது.

அன்புடன்,
அண்ணன்