குபெய்கோ: பூசி மெழுகாத பெருஞ்சுவர்

சீனப் பெருஞ்சுவரைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பதாலிங்கையோ முதியன்யூவையோ பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. பெய்ஜிங்கிலிருந்து பக்கம், மேலே ஏற ரோப் கார் உண்டு, படிகளும் சீராக இருக்கும். ஆனால் இரண்டும் 20ஆம் நூற்றாண்டில் பெருமளவு புதுப்பிக்கப்பட்ட பகுதிகள். சுவர் தன் வயதோடும் காயங்களோடும் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், தலைநகரிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மியுன் மாவட்டத்தின் கடைக்கோடியில், ஹெபெய் மாகாண எல்லையை ஒட்டி, குபெய்கோ என்ற சிற்றூர் இருக்கிறது.

அந்த இடத்தில் ஏன் ஊர் வந்தது, ஏன் சுவர் வந்தது என்பதற்கு ஆறுதான் காரணம். யான் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு சாவோ ஆறு தெற்கே இறங்குகிறது. கிழக்கே பான்லோங் மலை, மேற்கே வோஹு மலை. இரண்டுக்கும் நடுவே ஆறு திறந்துவிட்ட இடைவெளி வழியாக வடக்கத்திப் புல்வெளிகளிலிருந்து பெய்ஜிங் சமவெளிக்கு இறங்க முடியும். குதிரைப்படை வந்த அதே கணவாயில் இன்று ரயிலும் லாரிகளும் போகின்றன. ஆற்று நீர் கீழே மியுன் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1960இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரியின் தண்ணீரைத்தான் பெய்ஜிங் நகரம் பல பத்தாண்டுகள் குடித்தது.

இங்கே சுவர் ஒன்றல்ல. 6ஆம் நூற்றாண்டில் வட சீ அரசர்கள் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பியது பழையது. இன்று அது முட்புதர்களுக்குள் தாழ்ந்த கல்வரிசையாகக் கிடக்கிறது. யாராவது சுட்டிக்காட்டினால் ஒழிய கண்ணில் படாது. எட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1378இல், மிங் அரசின் தளபதி ஷூ தா கணவாயில் கோட்டை கட்டினார். மலைமுகட்டில் கோபுரங்களோடு தெரியும் சுவர் மிங் காலத்தது.

கோட்டை இருந்தும் 1550இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் உள்ளே வந்துவிட்டார். முன்புறம் காவலர்களை மும்முரமாக வைத்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு படையை அனுப்பிச் சுவரை உடைத்தார். காவல் படை சிதறியது. அவருடைய வீரர்கள் பெய்ஜிங்கின் மதில்வரை போய், சுற்றுப்புறங்களைக் கொள்ளையடித்துத் தீவைத்தார்கள். அந்த அவமானம் மிங் அரசவையை நெடுங்காலம் உறுத்தியது. தென்கிழக்குக் கடற்கரையில் கடற்கொள்ளையரை ஒடுக்கிப் பேர் வாங்கிய சீ ஜிகுவாங்கை 1568இல் வடக்கே அழைத்தார்கள்.

அவர் வந்து பார்த்தபோது, சுவர்மேல் காவல் நின்ற வீரர்களுக்கு வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்க இடமில்லை. வெடிமருந்தையும் தானியத்தையும் வைக்கவும் இடமில்லை. உள்ளே கூடமுள்ள செங்கல் கோபுரங்களைச் சுவர் நெடுகக் கட்டச் சொன்னார். ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது பேர் தங்கலாம். சில ஆண்டுகளுக்குள் அவருடைய எல்லைப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் எழுந்தன. ஆனால் மங்கோலியப் படையெடுப்புகள் தணியக் காரணம் செங்கல் மட்டுமல்ல. 1571இல் மிங் அரசு அல்தான் கானுக்குப் பட்டம் கொடுத்து, எல்லைச் சந்தைகளைத் திறந்துவிட்டது. குதிரை கொடுத்துப் பட்டும் தானியமும் வாங்க வழி பிறந்ததும், கொள்ளையடிக்கும் தேவை குறைந்தது. சுவரின் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சந்தைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது பான்லோங் மலைமேல் ஏறுவோம். அகன்ற கற்படிகளை எதிர்பார்க்க வேண்டாம். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் முழுவதும் விழுந்து, நடக்கும் தளம் ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிவிட்டது. சுவரின் முதுகில் மண் படிந்து, புல்லும் குற்றுச்செடியும் வளர்ந்திருக்கின்றன. வெளித்தோல் உரிந்த இடத்தில் அதன் வயிறு தெரிகிறது. செங்கல் வெறும் போர்வைதான். உள்ளே மலையில் பெயர்த்த கல்லும் இறுகிய மண்ணும். கோடிக்கணக்கான செங்கற்களைச் சுட்டு இந்த முகடுவரை தூக்கி வந்த உழைப்பு எத்தகையது என்பது, முழுதாய் நிற்கும் சுவரைவிட இந்த உடைந்த இடத்தில்தான் உறைக்கிறது.

வழியில் தளபதி கோபுரம் வரும். அதையும் தாண்டி வெகுதூரம் நடந்தால் இருபத்துநான்கு கண் கோபுரம். இரண்டு மாடி, ஒவ்வொரு மாடியிலும் நான்கு பக்கம், பக்கத்துக்கு மூன்று சாளரம் என இருந்தது, இன்று பாதி இடிந்து வானத்தைப் பார்க்கிறது. இந்தக் கோபுரங்களில் இருக்கும் குண்டடித் தழும்புகள் மங்கோலியர் விட்டவை அல்ல. 1933 மார்ச்சில் ரெஹெ மாகாணத்தைப் பிடித்த ஜப்பானியப் படை இந்தக் கணவாய்க்கு வந்தது. பீரங்கியும் விமானமும் வைத்திருந்த படையைச் சீன வீரர்கள் இந்தப் பழைய சுவரின் மறைவில் நின்று மூன்று நாள் தடுத்தார்கள். பின்வாங்கும் உத்தரவு எட்டாத ஏழு வீரர்கள், பக்கத்துக் குன்றில் குண்டுகள் தீரும்வரை சுட்டு மடிந்தார்கள். அவர்களைக் கொன்ற ஜப்பானியரே அவர்களைப் புதைத்து, ஏழு வீரர்களின் கல்லறை என்று எழுதி வைத்தார்கள். ஊர்க்காரர்கள் திரட்டிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டன. அந்தக் கல்லறை இன்றும் ஊருக்குள் இருக்கிறது. மலை ஏறுகிறவர்கள் அங்கே போகாமல் திரும்பக் கூடாது.

எதிரியை மதிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கீழே தெருவில் யாங் யே என்ற சோங் அரசுத் தளபதிக்கு ஒரு கோயில் இருக்கிறது. 986இல் சோங்கின் எதிரியான லியாவ் அரசின் படையிடம் சிறைப்பட்டு, உண்ண மறுத்து உயிர்விட்டவர் அவர். லியாவ் அரசின் ஆளுகையில் இருந்த குபெய்கோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. 1089இல் தூதராக வந்த சோங் நாட்டுக் கவிஞர் சூ ஜெ இந்தக் கோயிலைப் பாடியிருக்கிறார். ஆற்றின் மேற்குக்கரையில் உள்ள ஹெசி கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் வழங்குகின்றன. காவலுக்கென்று நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த வீரர்களின் வழித்தோன்றல்கள் இங்கேயே தங்கிவிட்டதன் அடையாளம் அது.

சுவருக்கு அப்பாலிருந்து வந்த மஞ்சூக்கள் சீனத்தை ஆண்டபோது சுவருக்கு வேலை இல்லாமல் போனது. 1691இல் குபெய்கோ தளபதி, சுவர் இடிந்து கிடக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்று காங்ஷி பேரரசரிடம் விண்ணப்பித்தார். பேரரசர் மறுத்துவிட்டார். நாட்டைக் காப்பது மக்களின் மனம்தான், கல்லும் மண்ணும் அல்ல என்பது அவர் சொன்ன காரணம். கோடையில் செங்தே அரண்மனைக்குப் போகும் மஞ்சூப் பேரரசர்களுக்கு இந்தக் கணவாய் வழித்தடமாக மட்டுமே இருந்தது.

அதே வழியில் 1793 செப்டம்பரில் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி பிரபு போனார். தமிழ் வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்ல. 1781 முதல் 1785 வரை, ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில், சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். சென்னையில் அவருடைய செயலராக இருந்த ஸ்டான்டன்தான் சீனத்துக்கும் உடன் போனார். அவர்களோடு வந்த பீரங்கிப் படை லெப்டினன்ட் பாரிஷ், குபெய்கோவில் சுவரையும் கோபுரங்களையும் அளந்து வரைந்தார். 1797இல் ஸ்டான்டன் வெளியிட்ட நூலில் அந்தப் படங்கள் வந்தன. பெருஞ்சுவர் எப்படி இருக்கும் என்று ஐரோப்பா கற்பனை செய்துகொண்டது பெரிதும் இந்த ஊர்ச் சுவரை வைத்துத்தான்.

இருபத்துநான்கு கண் கோபுரத்துக்கு அப்பால் ராணுவப் பகுதி. சுவர்மேல் தொடர முடியாது. பள்ளத்தாக்கில் இறங்கி, வயல்களின் ஓரமாகச் சுற்றி, மறுபடி ஏறினால் ஜின்ஷான்லிங். முழுப் பகல் நடை அது. ஜின்ஷான்லிங்கில் செய்த ஆண்டும் படைப்பிரிவின் பெயரும் அச்சுப் பதித்த செங்கற்களைக் காணலாம். அதற்கும் கிழக்கே, சிமத்தாய் அடிவாரத்தில், 2014இல் புதிதாகக் கட்டித் திறந்த 'பழைய' நீர்நகரம் இருக்கிறது. கூட்டம் அங்கேதான். விளக்கொளியும் விடுதிகளும் அழகுதான். அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

மிங் சுவரில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு அழிந்துவிட்டது என்று சீனப் பெருஞ்சுவர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. செங்கலை வீட்டுக்கும் தொழுவத்துக்கும் பெயர்த்தவர்கள் ஒருபுறம். லியாவ்நிங் மாகாணத்தில் சுவரின் முதுகை வழவழவென்று பூசிச் சமன்செய்த 'சீரமைப்பு' மறுபுறம். 2016இல் அது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. குபெய்கோவுக்கு விழுவதைத் தாங்கிப் பிடிக்கும் முட்டு போதும். புதுச் செங்கல் வைத்து முழுமையாக்கினால் 1550உம் 1933உம் மறைந்துபோகும்.

போகிறவர்கள் அக்டோபரில் போங்கள்; வானம் தெளிவாக இருக்கும். பிடிமானமுள்ள காலணியும் போதிய தண்ணீரும் வேண்டும். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். மூடப்பட்ட பகுதிகளில் ஏறக் கூடாது. எது திறந்திருக்கிறது என்று ஊரில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இடிந்த கோபுரத்தின் மேல்மாடிக்கு ஏற முயல வேண்டாம். நினைவுக்காக என்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.