கலை கேட்டு வந்த கிரகம்



விஞ்ஞான மாணவன் ஒருவன் சினிமாவைப் பற்றி எழுத வந்தால், "இவனுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை இல்லையோ?" என்று நீங்கள் ஐயுறுவது இயல்பே. அதிலும் நான் எடுத்துக்கொண்டது பறக்கும் தட்டும் வேற்றுக் கிரக வில்லனும் வரும் படம்! ஆயினும் சற்றுப் பொறுத்துப் படியுங்கள். கேலிக்குரியது என்று நாம் ஒதுக்கும் பொருளிலும் சில சமயம் நல்லதொரு கேள்வி ஒளிந்திருக்கும்.

முதலில் மேனாட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1934ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அமெரிக்கப் பத்திரிகைகளில் 'பிளாஷ் கார்டன்' என்னும் சித்திரக் கதை தொடங்கிற்று. வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். வீரன் ஒருவன், அவன் காதலி டேல், சொந்தமாக ராக்கெட் கட்டிய விஞ்ஞானி சார்க்கோவ் ஆகிய மூவரும் மாங்கோ என்னும் கிரகத்துக்குப் போய், மிங் என்ற கொடுங்கோலனோடு மோதுகிறார்கள். 1936இல் அது தொடர்படமாயிற்று. 1980இல் மைக் ஹாட்ஜஸ் இயக்க, குவீன் இசைக்குழு பாட, முழுநீள வண்ணப் படமாகவும் வந்தது. உடையெல்லாம் ஜரிகை, வானமெல்லாம் சாயக் குழம்பு, பருந்துச் சிறகு கட்டிய மனிதர்கள் படை படையாகப் பறக்கிறார்கள். பௌதிகம் படித்தவன் பார்த்தால் நியூட்டனை நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். ஆனாலும் அப்படத்துக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் உண்டு.

இதில் தமிழன் மட்டும் சளைத்தவனா? அப்படத்துக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, 1963இல், நம் 'கலை அரசி' திரைக்கு வந்துவிட்டது. ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆர். நாயகன், பானுமதி நாயகி, வேற்றுக் கிரகத்தவராக நம்பியார். அது சித்திரக் கதையிலிருந்து எடுத்த படம் அன்று. ஆயினும் சித்திரக் கதையின் கட்டங்கள் எழுந்து நடமாடுவது போலவே எனக்குத் தோன்றிற்று.

பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியறை ஒன்றில் நாங்கள் மூவர் குடியிருக்கிறோம். நான் தென்காசிப் பக்கத்தவன்; ஒருவர் சேலத்துக்காரர்; மற்றவர் மைசூர்க் கன்னடியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் இப்படத்தைப் பார்த்தோம். சேலத்து நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "கிரகவாசிகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார்களாம்?" என்றார். கன்னட நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏனப்பா, அவர்கள் எதற்காக அந்தப் பெண்ணைத் தூக்கிச் செல்கிறார்கள்?" என்று கேட்டார். "பாட்டுச் சொல்லித் தர" என்றேன். அவர் வியந்து போனார்.

அவர் வியப்பில் நியாயம் இருக்கிறது. மேனாட்டு மிங் டேலைச் சிறைப்பிடிப்பது மணம் செய்துகொள்ள. மற்றக் கதைகளில் வேற்றுலகத்தார் வருவது நாடு பிடிக்க, அல்லது நம்மை அழிக்க. 'கலை அரசி'யில் வருபவர்களுக்கோ விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது; கலை மட்டும் இல்லை. விண்ணில் பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பாடத் தெரியவில்லை! அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அவர்கள் பூமிக்கு வந்து, ஒரு தமிழ்ப் பெண்ணைக் கவர்ந்து போகிறார்கள். செய்தது திருட்டுத்தான். எனினும் எதைத் திருடினார்கள் என்று பாருங்கள்!

அதே 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள்தான் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் விண்ணை நோக்கிச் சென்றது. அங்கே ஒரு மாதா கோயில் கட்டடமே அலுவலகமாக இருந்தது; ராக்கெட்டும் அமெரிக்கா தந்ததே. விஞ்ஞானத்தில் அடியெடுத்து வைக்கும் வேளையிலேயே, "விஞ்ஞானம் நிறைந்த பிறகு என்ன குறையும்?" என்று ஒரு மசாலாப் படம் கேட்டுவிட்டது.

இது வெறும் கற்பனை என்பீர்கள். 1977இல் விண்ணில் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வாழ்த்தும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இசையும் உண்டு. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதில் இருக்கிறது. பூமியின் அடையாளமாக விஞ்ஞானிகள் சமன்பாட்டை மட்டும் அனுப்பவில்லை. பாட்டையும் சேர்த்தே அனுப்பினார்கள். வாயேஜர் 1 இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அதைச் சுமந்து போகிறது.

அந்த 55 மொழிகளில் கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை.

இதற்காக எவர்மீதும் சினம் கொள்ள வேண்டியதில்லை. அந்தக் குரல்களில் பல கார்னெல் பல்கலைக்கழகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்தவர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டவை. எவர் அருகில் இருந்து வாய் திறந்தாரோ அவர் மொழி விண்ணேறியது. வேற்றுலகத்தார் நம் பாட்டைத் தேடி வருவார்கள் என்பது படக் கதை. எடுத்துக் கொடுக்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதே நடைமுறை.

இது என் சொந்த வாழ்விலும் வந்து நிற்கிறது. ஆய்வேட்டுக்கு இன்னும் எட்டு மாதமே இருக்கிறது. "பாட்டும் நாடகமும் பொழுதுள்ளவர்களுக்கு, மன்றப் பொறுப்பை விட்டுவிடு" என்று என் நலம் நாடுவோர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. செவ்வாய் மாலை இசைப் பயிற்சிக்கு வந்தால், அன்றைய அளவீடுகளை இரவு பதினொரு மணி வரை இருந்து முடிக்க வேண்டியதாகிறது. எங்கள் வீட்டுக்கார அம்மாளை நினைக்கும்போதோ மனம் வேறு விதமாகச் சொல்கிறது. மூன்று தலைமுறையாகப் பிரேசர் டவுனில் வாழும் குடும்பம். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. ஆனால் அடுப்படியில் அவர் பாடும் பழைய தமிழ்ப் பாட்டில் ஒரு சொல் பிசகாது. பள்ளிக்கூடம் தராத தமிழை அவருக்குப் பாட்டு தந்திருக்கிறது. அதை அவருக்கு யாரோ ஒருவர் பொழுது ஒதுக்கிப் பாடிக் காட்டியிருக்க வேண்டும் அன்றோ?

ஆகவே நான் விலகவில்லை. செவ்வாய் மாலை மன்றத்துக்கு, செவ்வாய் இரவு ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். தூக்கம்தான் சற்றுக் குறைகிறது.

தோழர்களே, உங்களில் பலர் என்னைப் போல ஊர் விட்டு வந்தவர்கள். கருவிகளோடும் கணக்குகளோடும் பகலெல்லாம் மல்லாடுகிறவர்கள். குரல் வளம் இல்லை என்று தயங்காதீர்கள், எனக்கும் இல்லை. இந்தப் பருவத்துப் பயிற்சிக்கு இப்போது ஐந்தே பேர் வருகிறோம். பின்பாட்டுக்கு ஆள் போதவில்லை. பறக்கும் தட்டு வந்து நம்மைத் தூக்கிப் போகும் என்று காத்திராமல், நீங்களே நடந்து வாருங்கள்.