ஆப்ஜெக்ட் பயணம் பண்ணாது

இரண்டாம் வருஷம் ஓஓபி பேப்பரில் நிச்சயமாக வரும் இரண்டு மார்க் கேள்வி ஒன்று உண்டு. ஆப்ஜெக்ட் என்றால் என்ன? டேட்டாவும், அதன் மேல் வேலை செய்யும் மெத்தடும் சேர்ந்தது என்று எழுதினால் இரண்டு மார்க். அந்தப் பதில் ஒரு புரோகிராமுக்குள்ள இருக்கும் வரைக்கும் சரி. வேற மெஷினுக்கு அனுப்பினா என்ன ஆகும் என்பதை எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

புராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் பில் பற்றியது. மூணு பேர் டீம். மெஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே டாட் நெட் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்ததால், ஒருத்தன் சி ஷார்ப்பில் சோப் வெப் சர்வீஸ் எழுதினான். (குளிக்கிற சோப் இல்லைங்க!) இன்னொருத்தி ஜாவாவில் மாணவர்களுக்கான ஆப் எழுதினாள். டெஸ்டிங்கும் ரிப்போர்ட்டும் என் பொறுப்பு.

சர்வீஸில் 'மெஸ்பில்' என்று ஒரு கிளாஸ். அதில் ஒரு நாள் ரேட், சாப்பிட்ட நாட்கள், மொத்தம் என்று மூன்று பிராபர்ட்டி. மொத்தம் மட்டும் கணக்குப் போட்டு வருவது. ரேட்டை நாளால் பெருக்கி, முழு ரூபாயாக்கித் திருப்பித் தரும். அதனால் அதற்கு 'கெட்' மட்டும்தான், 'செட்' கிடையாது. கிளாஸ் டிசைனாகப் பார்த்தால் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. வெப் மெத்தட் அந்த ஆப்ஜெக்ட்டை அப்படியே ரிட்டர்ன் பண்ணியது.

ஆப் பக்கம் போய்ப் பார்த்தால் ரேட் இருக்கிறது, நாட்கள் இருக்கிறது, மொத்தத்தைக் காணோம். எரரும் கிடையாது. "நான் முழு ஆப்ஜெக்ட்டையும்தான் அனுப்புறேன்"னு அவன் சொல்றான். "எனக்கு வந்தா நான் ஏன்டா கேக்கப்போறேன்"னு அவள் சொல்றாள்.

டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் 'மொத்தம்' என்ற பெயரே இல்லை. காரணம் இதுதான்: பழைய ஏஎஸ்எம்எக்ஸ் சர்வீஸில் ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக மாற்றுவது எக்ஸ்எம்எல் சீரியலைசர். அது பப்ளிக் ஃபீல்டையும், படிக்கவும் எழுதவும் முடிகிற பப்ளிக் பிராபர்ட்டியையும்தான் எடுத்துக்கொள்ளும். கெட் மட்டும் இருக்கிற சாதாரண பிராபர்ட்டியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மெத்தட், பிரைவேட் ஃபீல்டு எதுவும் போகாது. அந்தப் பக்கம் ஒரு டூல் டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்து அதே பெயரில் புதுசாக ஒரு ஜாவா கிளாஸ் செய்து கொடுக்கிறது. பெயர்தான் ஒண்ணு. உள்ளே இருப்பது வெறும் டேட்டா.

ரேட்டும் நாளும்தான் கையில் இருக்கே என்று அவள் மொத்தத்தை ஆப்பிலேயே கணக்குப் போட்டாள். ஆப் ஓடியது. அந்த மாசம் டிவைடிங் சிஸ்டத்தில் ஒரு நாள் ரேட் 91.50 ரூபாய். 27 நாள் சாப்பிட்டவனுக்கு 2470.50. ஆபீஸில் பிரிண்ட் ஆன பில் 2470. ஆப்பில் 2471. ஆனால் 29 நாள் சாப்பிட்டவனுக்கு இரண்டிலும் 2654!

இரண்டு பேர் கோடிலும் பிழை இல்லை. சி ஷார்ப்பின் மேத் ரவுண்ட், சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். எப்பவும் மேலேயே ஏற்றினால் கூட்டுத்தொகை ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். ஜாவாவின் மேத் ரவுண்ட் பாதியை மேலே ஏற்றிவிடும். அதனால் 2470.50 வேறுபட்டது, 2653.50 ஒத்துப்போனது.

ஒரு ரூபாய்தானே என்று நாங்கள் மூணு பேரும் சிரித்திருக்கலாம். ஆனால் டிரயலுக்கு ஆப்பைக் கொடுத்த ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், "அண்ணா, இதுல எதுண்ணா நெஜம்?"னு கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வீட்டிலிருந்து எண்ணி அனுப்பும் காசில் பில் கட்டுகிறவனுக்கு, இரண்டு இடத்தில் இரண்டு தொகை காட்டும் கணக்கு மேல் எப்படி நம்பிக்கை வரும்?

மெஸ் ஆபீஸிலேயே போய்க் கேட்டோம். கையால் ரிஜிஸ்டர் எழுதின காலத்திலிருந்தே ஐம்பது பைசா வந்தால் ஒரு ரூபாயாக்குவதுதான் வழக்கம் என்றார்கள். ஆக, அந்த விதியை சி ஷார்ப்போ ஜாவாவோ முடிவு பண்ணக் கூடாது. சர்வரில் ரவுண்டிங் முறையை வெளிப்படையாக எழுதினோம். மொத்தத்துக்குச் சும்மா ஒரு காலி 'செட்' வைத்தால் போதும் என்று யோசனை வந்தது. அதுவும் வேலை செய்யும். ஆனால் அடுத்து படிக்கிறவன் அந்த மதிப்பை மாற்றலாம் போல என்று நினைத்துக்கொள்வான். அதனால் அனுப்புவதற்கென்றே ஒரு தனி கிளாஸ் போட்டோம். அதில் மெத்தட் கிடையாது, கணக்கு கிடையாது. சர்வர் போட்டு முடித்த தொகை அதில் ஏறும், ஆப் அதைக் காட்டும், அவ்வளவுதான்.

ஜூனியர்ஸ், உங்களுக்கும் இப்படி வந்தால் சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாஸில் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருக்க வேண்டும். டிக்‌ஷனரியை இந்த சீரியலைசர் ஏற்காது, லிஸ்ட்டாக மாற்றிக் கொடுங்கள். மாணவனுக்குள் ரூம், ரூமுக்குள் அதே மாணவன் என்று சுற்றி வந்தால் எரர் அடிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் டபிள்யூஎஸ்டிஎல்லைத் திறந்து படியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தம் அதுதான். அதில் இல்லாதது அந்தப் பக்கம் போய்ச் சேராது.

சோப் என்பதன் முதல் விரிவாக்கம் 'சிம்பிள் ஆப்ஜெக்ட் ஆக்சஸ் புரோட்டோகால்'. 2003-ல் 1.2 பதிப்பு வந்தபோது, இது இனி எதன் சுருக்கமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான முடிவுதான். போவது ஆப்ஜெக்ட் இல்லையே, ஆப்ஜெக்ட்டைப் பற்றி எழுதின ஒரு கடிதம். இன்றைக்கு நீங்கள் ரெஸ்ட், ஜேசன் என்று போனாலும் கதை இதேதான். கடிதத்தில் எதை எழுதுகிறோம் என்பதை நாம்தான் முடிவு பண்ண வேண்டும். யாரோ ஒருத்தர் அதை நம்பிப் பணம் கட்டப் போகிறார்.